கரண்டு வண்டி போன திசை

திண்டிவனத்தில் அன்று காலை ஆம்புலன்ஸைத் திருடியவன், கிளம்புவதற்கு முன் சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போயிருந்தான்.

மலர்விழி பட்டறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நசுங்கிக் கிடந்த பழம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவளுடைய உதவியாளன் பிரேம்குமாரும் கடமை தவறாமல் குனிந்து முகர்ந்தான்.

"ஜூஸ் போட்டுக் குடிச்சிட்டு ஜல்தியா கெளம்பியிருக்கான் மேடம். உப்பு போட்டானா, சக்கரை போட்டானான்னு தெரிஞ்சா ஆளைப் புடிச்சிடலாம்," என்றான்.

விழுப்புரம் ரயில்வே ஜங்ஷனுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது மலர்விழியின் துப்பறியும் நிலையம். ஓடிப்போன மாப்பிள்ளை, ஒளிந்துகொண்ட சீட்டுக் கம்பெனிக்காரர், ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டவள். அங்கே மூளை அவளுடையது, வாய் பிரேம்குமாருடையது. அந்த வாய்க்காகவே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வாய் இல்லாமல் போரடிக்கிறதென்று மறுநாளே திரும்பக் கூப்பிட்டுக்கொள்வாள்.

"தமாஷ் பண்ண நேரமில்ல சார்," என்றாள் பரிமளா. காணாமல் போன வண்டியைச் செய்தவள் அவள்தான்.

பரிமளா மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் சங்குமேட்டுக்குப்பத்துக்காரி. பாலிடெக்னிக் முடித்தவள். திண்டிவனத்தில் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்து, ஆட்டோ ஒன்றின் எலும்புக்கூட்டை வாங்கி, எஞ்சினைக் கழற்றி எறிந்து, மோட்டாரும் பேட்டரியும் வைத்து, மணலில் புதையாத அகலமான டயர் மாட்டி, மூன்று சக்கர ஆம்புலன்ஸ் ஒன்றைச் செய்திருந்தாள். அது கரண்டில் ஓடும். அதாவது, கரண்ட் இருந்தால் ஓடும்.

ஏனென்றால் அது 2012ஆம் வருஷத்து ஆவணி. மின்சாரம் விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் கிளம்பிக்கொண்டிருந்த காலம். அப்போதும் பட்டறையில் கரண்ட் இல்லை. விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பிரேம்குமார் கேட்டான்.

"கரண்டே இல்லாத ஜில்லாவுல கரண்டு ஆம்புலன்ஸ் செய்யணும்னு எப்படிம்மா தோணுச்சு?"

"வர்ற நேரத்துல ஏத்தி வெச்சிக்கினா போதும் சார். பெரிய ஆம்புலன்ஸ் ஒண்ணு வாங்குற காசுல இதுல நாலு வாங்கலாம். பெட்ரோல் பங்கே இல்லாத ஊர்ல கூட ஓட்டலாம். குப்பத்து சந்துக்குள்ள திரும்பும், மணல்ல போவும்." மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இன்னைக்கு மூணு மணிக்கு விழுப்புரம் மைதானத்துல ஜில்லா ஆஸ்பத்திரி கமிட்டி முன்னால ஓட்டிக் காட்டணும். கடலோரக் குப்பத்துக்கும், ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற ஊருங்களுக்கும் எந்த வண்டின்னு இன்னைக்குத்தான் முடிவு பண்றாங்க. என் வண்டி வரலைன்னா வெற்றி மோட்டார்ஸ் முத்துசாமியோட டீசல் வேனுக்குப் போயிடும். அது தார் ரோடு முடியிற எடத்துல நின்னுடும் மேடம். எங்க ஊரு அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது."

"உங்க வீட்ல யாருக்காவது அப்படி ஆச்சா?" என்று மலர்விழி கேட்டாள்.

"எங்கக்காவுக்கு. வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் தார் ரோடு முடியிற மேடு வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிடுச்சு. நான் அப்ப ஹாஸ்டல்ல இருந்தேன். அக்காவ காப்பாத்திட்டாங்க. புள்ளைய முடியல."

பிரேம்குமார் விசிறியிலிருந்து கண்ணை இறக்கினான்.

மலர்விழி எழுந்து பட்டறையைச் சுற்றி வந்தாள். பூட்டு உடைக்கப்படவில்லை, சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். சார்ஜ் ஏற்றும் ஒயரும் வண்டியோடு போயிருந்தது. ஆனால் நோயாளியைப் படுக்கவைக்கும் ஸ்ட்ரெச்சரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். வண்டியின் மேலிருந்த நீல விளக்கு, உடையாமல் நியூஸ் பேப்பரில் சுற்றி அலமாரியில் இருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த சிவப்பு எழுத்துகளைக் கூட ஒவ்வொன்றாக உரித்து, கிழியாமல் அலமாரிக் கதவில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள்.

"வேற எதாவது காணோமா?"

பரிமளா சுற்றிப் பார்த்தாள். "என் நாற்காலி. சுத்துற நாற்காலி மேடம். போன மாசம்தான் வாங்கினேன்."

"ஆம்புலன்ஸ்ல படுக்கைய எடுத்துட்டு நாற்காலிய போட்டுக்கினு போயிருக்கான்," என்றான் பிரேம்குமார். "நோயாளி யாரோ பெரிய ஆபீசர் மேடம். படுக்க மாட்டேன், உக்காந்துதான் சாவேன்னு சொல்லியிருப்பாரு."

"இன்னொரு சாவி எங்க இருக்கு பரிமளா?"

"ஊர்ல, எங்க வீட்டு ஆணியில மாட்டியிருக்கும். நைனாகிட்ட கேக்கலாம்னு போன் அடிச்சேன், சுவிட்ச் ஆஃப். கரண்டு இல்லல்ல, குப்பத்துல எல்லா போனும் செத்துக் கெடக்கும்." பரிமளா குரலைத் தாழ்த்தினாள். "இது முத்துசாமி வேலைதான் மேடம். நல்லா விசாரிங்க."

"முத்துசாமி உன் வண்டிய திருடுறதுக்கு எலுமிச்சம்பழம் வெப்பாரா?"

"அவரு எதுக்கு வெக்கிறாரு."

"அதான் நானும் கேக்கறேன்," என்றாள் மலர்விழி. "பிரேம், பாதி கேஸ் முடிஞ்சுது. மீதிக்கு வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் தெரியணும்."

எதிரே டீக்கடை போட்டிருந்த சவுரியம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டே, ஆளை நிமிர்ந்து கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"கரண்டு வண்டிதான? காலைல பாத்தேனே. கூட்டேரிப்பட்டு பக்கம் போச்சு. உள்ள ரெண்டு மூணு பேரு இருந்தானுங்க."

"நல்லா பாத்தீங்களா?"

"எனக்கு கரண்டு வண்டி தெரியாதா கண்ணு? தெனம் அது மூஞ்சில முழிச்சிதான கடைய தொறக்கறேன்."

பரிமளாவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. அவளுடைய வண்டியை விழுப்புரத்துக்கு ஏற்றிப்போக வாடகைக்குச் சொல்லியிருந்த குட்டி யானை மினி லாரி, சுமக்க ஒன்றுமில்லாமல் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. மலர்விழி அதைக் காட்டினாள்.

"ஸ்ட்ரெச்சர், விளக்கு, அந்த எழுத்து எல்லாத்தையும் பின்னால ஏத்து பிரேம். திரும்ப மாட்டறதுக்கு இங்க வர நேரமிருக்காது."

"நான் எங்க உக்கார்றது மேடம்?"

"படுத்துக்கோ," என்றாள் மலர்விழி.

•

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு திறந்த குட்டி யானையில் நெடுஞ்சாலையில் போவது சுகமான விஷயம் என்று பிரேம்குமார் கண்டுபிடித்தான். காற்று நன்றாக வந்தது. வெயிலுக்குக் கர்ச்சீப்பை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். அதுதான் தப்பாகிவிட்டது.

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் வண்டி நின்றதும், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மா கூடையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். வயிற்றுப் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணை அவள் மாமியார் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"அத பாக்காத. ஆம்புலன்ஸ் கட்டிலு."

செருப்பைக் கழற்றியவர் கிட்டே வந்து உருக்கமாகக் கேட்டார். "சின்ன வயசாட்டம் கீதே. எப்ப எடுக்கிறாங்க?"

கர்ச்சீப்புக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "இன்னும் முடிவு பண்ணலீங்க. மத்தியானச் சோறு துன்னுட்டு சொல்றேன்."

அவர் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

மலர்விழி சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அந்தக் கர்ப்பிணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மல்லாட்டைக்காரம்மாவிடம் போய்ப் படி அளக்கச் சொல்லிவிட்டு விசாரித்தாள்.

"இந்தப் பக்கம் கரண்டு வண்டி வந்துச்சாம்மா?"

"தோ நிக்குதே."

அந்த அம்மா கை காட்டிய புளியமரத்தை நோக்கிப் பரிமளா ஓடினாள். பிரேம்குமார் ஸ்ட்ரெச்சரைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். மலர்விழி மல்லாட்டைப் பொட்டலத்தோடு ஓடினாள்.

புளியமரத்தடியில் நின்றது மின்வாரியத்து ஜீப்.

பக்கத்துக் கம்பத்தின் உச்சியில், இடுப்பில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்த லைன்மேன் கோதண்டபாணி கீழே பார்த்தார். தன் கம்பத்தை நோக்கி மூன்று பேர் தலைதெறிக்க ஓடி வருவதையும், அதில் ஒருவன் ஸ்ட்ரெச்சர் தூக்கி வருவதையும் பார்த்தார். கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"நான் இன்னும் உழவே இல்லியே. எந்தப் பாவி அதுக்குள்ள உங்களுக்குச் சொன்னான்?"

"நீங்க மெதுவா உழுங்க சார், அவசரமில்ல," என்றான் பிரேம்குமார்.

மலர்விழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். திண்டிவனத்தில் கரண்டு வண்டி என்றால், பிறந்த குழந்தைக்குக் கூட மின்வாரியத்து ஜீப்தான். பரிமளாவின் வண்டியை அவளையும் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்த வெல்டரையும் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "சத்தம் வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கியே முடிஞ்சிருக்கும்," என்றாள். "உன் வண்டிதான் சத்தமே போடாதே பரிமளா."

பரிமளா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இனி எந்தத் திசையில் தேடுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

கோதண்டபாணி இறங்கி வந்தார். உயிரோடு இறங்கிவிட்ட நிம்மதியில் ஒரு கை மல்லாட்டை வாங்கி உரித்துக்கொண்டார். "இன்னாங்க, நீங்களும் கரண்டுக்குத்தான் வந்தீங்களா? சாயங்காலம் வரைக்கும் கெடையாது. ஆபீஸுக்குப் போன் பண்ணாலும் அதேதான் சொல்லுவாங்க. காலைலேர்ந்து இதே பேஜாரு. ஒரு பெரியவரு வந்து, வண்டிக்குக் கரண்டு வேணும்னு நின்னாரு பாருங்க."

மலர்விழியின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது. "வண்டிக்கா?"

"ஆமா. வண்டிக்கு எதுக்குய்யா கரண்டு, ஹெட்லைட்டு எரியலியான்னேன். இல்ல சார், வண்டியே அதுலதான் ஓடுதுன்னாரு. பாவம், வெயில்ல மண்டை காஞ்சி போச்சுன்னு நெனச்சிக்கினு, கரண்டு வேணும்னா ஜெனரேட்டர் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போய்யா, சோறும் கெடைக்கும்னு சொன்னேன். அங்கதான் சார் போறேன்னுட்டு போயிட்டாரு."

"அங்கதான் போறேன்னா சொன்னாரு?" மலர்விழி ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "அங்க போறேன்னு இல்லியே? அங்கதான்?"

"அங்கதான்னுதான் சொன்னாரு. கால்ல செருப்பு கூட இல்ல. ஆனா பின்னால சுத்துற நாற்காலி ஒண்ணு போட்டு வெச்சிருந்தாரு."

"செருப்பு வாங்க வழியில்லாம நாற்காலி வாங்கியிருக்கான்," என்றான் பிரேம்குமார். "மேடம், இவன் திருடன் இல்ல. அரசியல்வாதி."

மலர்விழி பொட்டலத்தை அப்படியே கோதண்டபாணியின் கையில் வைத்தாள். "எலுமிச்சம்பழம், நாற்காலி, மண்டபம். கேஸ் முடிஞ்சுது. ஏறு பரிமளா, பந்திக்கு நேரமாவுது."

•

மண்டபத்து வாசலில் சாம்பார் வாசனையும் டீசல் புகையும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. கொட்டகையில் ஜெனரேட்டர் அலறியது. அதிலிருந்து நீண்ட ஒயர் ஒன்று சமையல்கட்டுச் சுவர் வழியாக வெளியே வந்து, எதிலும் சொருகாமல் மண்ணில் கிடந்தது. பரிமளா ஓடிப்போய் அதை எடுத்துப் பார்த்தாள்.

"என் ஒயரு மேடம். இது என் ஒயரு."

"வண்டி எங்க?" என்று பந்தி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மலர்விழி கேட்டாள்.

"எந்த வண்டிம்மா? மாப்பிள்ளை வண்டியா? பொண்ணு மாப்பிள்ளை மயிலம் கோயிலுக்குப் போயிருக்காங்க. தோ, மேளம் கேக்குதே."

மேளமும் நாதஸ்வரமும் மட்டுமே கேட்டன. அவற்றுக்குப் பின்னால் வழக்கமாக உறுமிக்கொண்டு வரும் கார்ச் சத்தம் இல்லை. வளைவில் திரும்பி வந்தது ஒரு பூந்தோட்டம். மல்லிகை, ரோஜா, சாமந்தி, வாழைக்குருத்து என்று ஓர் அங்குலம் விடாமல் ஜோடித்திருந்தார்கள். நீல விளக்கு இருந்த இடத்தில் தேங்காயோடு ஒரு கலசம். சிவப்பு எழுத்துகள் இருந்த இடத்தில் பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் தெர்மாகோலில் பளபளத்தன. உள்ளே, நர்ஸ் உட்காரும் பலகையில் கல்யாணப் பெண் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையால் அப்படி அடக்கமாக உட்கார முடியவில்லை. அவருக்குக் கிடைத்தது சுழல் நாற்காலி. வண்டி இடது பக்கம் திரும்பினால் அவர் வலது பக்கம் போனார். பெண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவார், சிரித்து முடிக்கும்போது எதிரில் மாமனார் இருப்பார்.

புது வேட்டி கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உலகத்தையே ஜெயித்த முகத்தோடு வண்டியை ஓட்டி வந்தார் ஒருவர்.

"நைனா," என்றாள் பரிமளா.

வண்டி சடக்கென்று நின்றது. மாப்பிள்ளை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

பரிமளாவின் அப்பா பெரியதம்பி இறங்கினார். கடலில் வலை போடுகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். புயல் எச்சரிக்கைக்குக் கூட அசையாத மனிதர், மகளின் முகத்தைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூணு மணிக்கு முன்னால கொண்ணாந்து வுட்டுடலாம்னுதான் பாத்தேம்மா. சொல்லிடலாம்னு போனை எடுத்தா, அது செத்துப் போச்சு."

"திருடன் புடிபட்டுட்டான்," என்று பிரேம்குமார் ஓரமாக அறிவித்தான். "மேடம், கைது பண்றதுக்கு முன்னால சாப்ட்டுடலாமா?"

"என் வாழ்க்கையே இன்னைக்குத்தான் நைனா இருக்குது," பரிமளா கையிலிருந்த ஒயரை அவர் முன்னால் நீட்டினாள். "தெரியுமில்ல? தெரிஞ்சும் கல்யாண சவாரிக்கு எடுத்துக்கினு வந்துட்டியே. நம்ம ஊருக்கு வண்டி வேணாமா உனக்கு?"

பெரியதம்பி துண்டை முறுக்கினார். மலர்விழிதான் நடுவில் வந்தாள்.

"பரிமளா, திருடுறவன் எலுமிச்சம்பழம் வெக்க மாட்டான். சொந்த வண்டிக்குத்தான் வெப்பான். ஆம்புலன்ஸ்னு தெரியக்கூடாதுன்னு எழுத்த உரிச்சவரு, திரும்ப ஒட்டணும்னு பத்திரமா வெச்சிட்டும் போயிருக்காரு. படுக்கிறவங்களுக்கு பதிலா உக்கார்றவங்கள ஏத்தணும்னு நெனச்சிருக்காரு. முகூர்த்த நாள்ல, சாவியோட, இப்படி எல்லாம் பண்றவரு உங்க வீட்டு ஆளாத்தான் இருக்கணும். எதுக்குன்னுதான் எனக்குப் புரியாம இருந்துச்சு. கூட்டுரோட்ல அந்தப் பொண்ணு முகத்தத் திருப்பிக்கினப்ப புரிஞ்சிச்சு." அவள் பெரியதம்பியைப் பார்த்தாள். "போணி. சரியாங்க?"

பெரியதம்பி தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா. போணிதான்." மகளிடம்தான் சொன்னார், ஆனால் தரையைப் பார்த்துச் சொன்னார். "உங்கக்காவுக்கு வலி வந்தப்ப வண்டி மேடு வரைக்கும் வந்துச்சு. நாங்க நாலு பேரு அவள பலகையில தூக்கிக்கினு மேட்டுக்கே போயிட்டோம். வண்டிக் கதவு வரைக்கும் போயாச்சு. இவ ஏற மாட்டேன்னுட்டா. அதுக்கு முந்தின வாரம்தான் அந்த வண்டி நம்ம ஊருக்கு மொத தடவையா வந்து, உழுந்து செத்தவன ஏத்திக்கினு போச்சு. பொணம் போணி பண்ண வண்டியில நான் ஏறுனா நானும் பொணம்தான்னு என் கைய கடிச்சிட்டா பாரு. கெஞ்சினோம், அடிச்சோம் கூட. வண்டிக்காரன் எவ்ளோ நேரம் நிப்பான்? போயிட்டான். அப்புறம் ஆட்டோ தேடி..."

மேளக்காரர்கள் கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே," என்றாள் பரிமளா.

"அக்கா சொல்லக்கூடாதுன்னுட்டா. நான் ஏறியிருந்தா புள்ள பொழைச்சிருக்கும்னு அவளுக்கே தெரியும். உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?" அவர் நிமிர்ந்தார். "உன் வண்டி மணல்ல போவும். சந்துல திரும்பும். எல்லாம் சரி. ஆனா மொத சவாரி எவனாவது விஷம் குடிச்சவனோ, உழுந்தவனோ ஏறிட்டான்னா, அதுக்கப்புறம் நம்ம குப்பத்துல ஒரு புள்ளத்தாச்சியும் ஏற மாட்டா. அதான் மொத சவாரி கல்யாணமா இருக்கட்டும்னு பாத்தேன். உன்னக் கேட்டா கிளாஸ் எடுப்ப."

பரிமளா கிளாஸ் எடுக்கத்தான் வாயைத் திறந்தாள். இரண்டு வருஷம் டயரின் அகலத்தைக் கணக்குப் போட்டவள் அவள். மேட்டிலிருந்து வீடு வரைக்கும் இருக்கிற மணல்தான் தன் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வண்டிக் கதவு வரைக்கும் போயும் ஏற மாட்டேன் என்று அப்பாவின் கையைக் கடித்தது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அப்பாவைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்ததால் இரண்டுமே வெளியே வரவில்லை.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "ஏங்க, இது ஆம்புலன்ஸா?"

"ஆமா சார்," என்றான் பிரேம்குமார். "இதுல ஏறுன மொத கேஸ் நீங்கதான். இனிமே பொழைக்கிறது ரொம்ப கஷ்டம்."

கல்யாணப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதோடு மேளமும் பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் எல்லாம் தலைகீழாக, மளமளவென்று நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். நாற்காலி வெளியே, ஸ்ட்ரெச்சர் உள்ளே. கலசம் வெளியே, நீல விளக்கு மேலே. மாமனார் விஷயம் தெரிந்து பதறி, தெரியாதவர்களுக்கெல்லாம் அவரே சொல்லி, கடைசியில் நான்கு ஆட்களை அனுப்பி வண்டியைக் குட்டி யானை மேல் ஏற்ற உதவினார். சமையல்காரர் இலையில் கட்டிய சாப்பாட்டைப் பிரேம்குமார் மடியில் வைத்தார். அந்த மடியோடு அவன் பெரியதம்பிக்குப் பக்கத்தில், குட்டி யானையின் பின்பக்கம் போட்ட சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

கிளம்பும்போது அவன் எழுந்து சாமந்திச் சரத்தைப் பிடித்து இழுக்கப் போனான். "இத எடுத்துடறேன். கமிட்டிக்காரங்க பாத்தா மேடையில மொய் எழுதிடுவாங்க."

"வேணாம்," என்றாள் பரிமளா. "இருக்கட்டும்."

•

விழுப்புரம் மைதானத்தில் முத்துசாமியின் டீசல் வேன் வெள்ளைவெளேரென்று நின்றது. அதன் பக்கத்தில் கல்யாண மண்டபம் ஒன்று நடந்து வந்து நின்றதைப் போல இருந்தது பரிமளாவின் வண்டி.

கமிட்டியின் தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இது ஆம்புலன்ஸா, மாப்பிள்ளை வண்டியா?"

"ரெண்டும்தான் சார்," என்றாள் பரிமளா.

முத்துசாமி வெளியே தெரியாமல் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. "ஓட்டிப் பாக்கறது அப்புறம். மொதல்ல ஏறப் போறவங்க ஏறிப் பாக்கட்டும்," என்று கையசைத்தார். மைதானத்து ஓரத்தில் மரக்காணம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து நர்ஸ் அழைத்து வந்திருந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பவுனு என்கிற பெண் எட்டு மாசம்.

முத்துசாமி முந்திக்கொண்டார். வேன் கதவை அகலத் திறந்து, கெத்தாக இருக்கட்டும் என்று சைரனைப் போட்டார்.

அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏறும்மா, பயப்படாத," என்றார் அதிகாரி பவுனுவிடம்.

"வேணாங்க சார். எனக்கு ஒண்ணும் ஆவல. நான் நல்லாத்தான் கீறேன்."

"சும்மா பாக்கறதுக்குத்தாம்மா."

"சும்மா யாராவது அதுல ஏறுவாங்களா சார்? எங்க ஊர்ல அது வந்தாலே கதவ சாத்திக்குவோம்." சொல்லிக்கொண்டே பவுனுவின் பார்வை பக்கத்து வண்டிக்குப் போனது. "அது யாரு கல்யாணம்?"

மலர்விழி பரிமளாவின் முதுகில் லேசாகத் தட்டினாள். பரிமளாவுக்கு அது புரிந்தது.

"காலைல கூட்டேரிப்பட்டுல ஒரு கல்யாணம்க்கா. தாலி கட்டி முடிச்சு, பொண்ணும் மாப்பிள்ளையும் இதுலதான் மயிலம் கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க. இந்த வண்டிக்கு அதுதான் போணி."

பவுனு எழுந்து வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு யாரும் சொல்லாமலே, பெரியதம்பி நீட்டிய கையைப் பிடித்து ஏறி, ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மற்ற பெண்களும் சளசளவென்று வந்து சூழ்ந்துகொண்டார்கள். தெர்மாகோல் பெயரைப் படித்தார்கள், பெண் வீடு எந்த ஊர் என்று கேட்டார்கள். சத்தமே வரலியே, ஓடுமா என்று ஒருத்தி கேட்க, ஓடிக்கினுதான் இருக்குது என்று பெரியதம்பி சொல்ல, மைதானமே சிரித்தது.

மணல் சோதனைக்கு பவுனுவை இறக்கிவிட்டு, பழக்கப்பட்ட நோயாளியாகிய பிரேம்குமாரை ஏற்றினார்கள். வேன் மணலில் பாதியில் உட்கார்ந்துகொண்டது. பரிமளாவின் வண்டி பூ உதிர்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. நோயாளி படுத்தபடியே ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நர்ஸிடம் கொடுத்தார். பரிமளாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"கடலோரத்துக்கு உன் வண்டிதான்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தப் பூ அலங்காரம் உன் டிசைன்ல இருக்கா?"

"இல்லீங்க சார். அது எங்க நைனாவோட டிசைன்."

பெரியதம்பி அவசரமாகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெண்களை ஊருக்கு ஏற்றிப்போக மினி பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். பவுனு மட்டும் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பரிமளாவின் காதருகே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"அடுத்த மாசம் எனக்கு வலி வந்தா இந்த வண்டியே வருமா? இல்ல, வேற எதாவது அனுப்பிடுவாங்களா?"

"இதேதான்க்கா வரும்."

"எங்க வீட்டு வாசல் வரைக்கும் வரும்னு சொன்னாங்களே."

"வாசல் வரைக்கும். நீ ஏறுற வரைக்கும் நிக்கும்."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை பரிமளாவுக்கு அப்போதுதான் வந்தது. பவுனு எதற்கென்று கேட்கவில்லை. தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.